செவ்வாய்க்கிழமைத் தவணை

அத்தியாயம் 4

செத்துப்போன பெண் ஒருத்தியின் பேரில் இருந்த கடனை யாரோ பதினோரு மாதமாக நாள் தவறாமல் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

"கடன வாங்கிட்டுக் கம்பி நீட்டினவன தேடிப் போயிருக்கோம். கட்டிட்டுக் கம்பி நீட்டறவன தேடறது இதான் மேடம் முதல் தடவ. புடிச்சா என்ன செய்யறது? மாலை போடறதா?" என்றான் பிரேக், வங்கிக்கு எதிரே காரை ஓரங்கட்டியபடி.

பக்கத்து இருக்கையில் ஆபீசரம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் இதே வங்கியில் கடன் பிரிவில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். இப்போது சின்னதாக ஒரு துப்பறியும் ஆபீஸ். பழைய பழக்கத்தில் எல்லோரும் அவரை ஆபீசரம்மா என்றே கூப்பிட்டார்கள். பிரேக் அவருடைய ஒரே உதவியாள். ஓட்டுநரும் அவன்தான், ஆபீஸைப் பெருக்குவதும் அவன்தான். முன்னே பதினெட்டு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். அத்தனை வருடத்திலும் பிரேக்கை மிதித்ததே இல்லை என்று கூட்டாளிகள் வைத்த பேர் அது. பின்னால் படுத்திருப்பவர்கள் கண்ணை மூடிவிடக் கூடாதென்று வழியெல்லாம் ஜோக் சொல்லிச் சொல்லி வாய் அப்படியே பழகிவிட்டது.

போன வியாழக்கிழமை ஆபீசுக்கு வந்த அம்மாளிடம் மட்டும் அந்த வாய் எடுபடவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு. அவளுக்கு ஒரே மகள். ஆள் குள்ளம் என்பதால் வீட்டில் சுண்டு என்று பேர். விமானி ஆக வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றவள் சுண்டு. அதற்கு இருநூறு மணி நேரம் பறந்து காட்ட வேண்டும். அந்தப் படிப்புக்கு ஆகிற செலவைக் கேட்டால் சம்பளக்காரர்களுக்கு மயக்கமே வரும். தாய் தன் இரண்டு அறை வீட்டை அடமானம் வைத்து, சுண்டுவின் பேரில் வங்கியில் கடன் வாங்கினாள். வங்கி மொத்தமாகக் கொடுக்காமல், ஐம்பது மணி நேரத்துக்கு ஒரு தவணையாகப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பியது. தொண்ணூற்றெட்டாவது மணியில் சுண்டு தனியாக ஓட்டிப்போன விமானம் வயல்வெளியில் விழுந்தது. வருடம் ஒன்றும் மாதம் நாலும் ஆகிறது.

விசாரணை அறிக்கையில் ஒரே வரி. எரிபொருள் அளவைச் சரிபார்க்காமல் கிளம்பியது பயிற்சி மாணவியின் கவனக்குறைவு. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு காப்பீட்டுக்காரர்களும் கையை விரித்துவிட்டார்கள்.

"அவ கவனக்குறைவா இருக்கிறவ இல்லம்மா," என்றாள் அந்தத் தாய். கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. "படுத்தப்புறம் கேஸ் அடுப்ப மூடினேனான்னு மூணு தடவ எந்திரிச்சுப் போய்ப் பாக்கிறவ. எனக்கு அந்த வரி தொண்டையில நிக்குது. ஒரு வருஷம் பேங்க் பக்கமே போகல. வந்த லெட்டர் எதையும் பிரிக்கல. போன வாரம்தான் மனச தேத்திக்கிட்டு, கொஞ்சம் டைம் குடுங்கன்னு கேக்கப் போனேன். பாக்கியே இல்லையேங்கறாங்க. மாசாமாசம் யாரோ கட்டறாங்களாம்."

"நல்ல மனசுக்காரங்க யாராவது..." என்று இழுத்தான் பிரேக்.

"நல்ல மனசுக்காரங்க பேர மறைக்க மாட்டாங்க தம்பி. ஏதோ நடந்திருக்கு. அதுக்குத்தான் வெல குடுத்திட்டிருக்காங்க. யாருன்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

அவ்வளவுதான் வழக்கு.

வங்கிக்குள் நுழைந்ததும் மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். ஒரு காலத்தில் ஆபீசரம்மாவுக்குக் கீழே வேலை பழகியவர். தாய் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, கட்டின சீட்டுகளை எடுத்துவரச் சொன்னார்.

"கேமராவுல பாத்தா ஒரு நிமிஷத்துல ஆள் தெரிஞ்சிடுமே சார்," என்றான் பிரேக்.

"போலீஸ் கடிதம் இல்லாம கேமராவ காட்ட முடியாது. சீட்டு, கணக்குக்காரங்களோடது. தாராளமா பாருங்க."

பதினோரு சீட்டுகள். மூன்று வெவ்வேறு கிளைகள். கட்டியவர் பேர் என்ற இடத்தில் எல்லாவற்றிலும் சுண்டுவின் நிஜப் பெயர்தான் இருந்தது. ஆபீசரம்மா அவற்றை மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். ஒவ்வொன்றாகக் குனிந்து படித்தார். பிரேக்குக்குப் பொறுக்கவில்லை.

"நான் சொல்லட்டுமா? எல்லாம் செவ்வாய்க்கிழமை. தேதிக்குப் பக்கத்துல யாரும் கேக்காமலே மணி போட்டிருக்கார். 1040, 1115, அப்புறம் பாருங்க, மதியத்துக்கு 1420. பூஜ்யத்துக்குக் குறுக்க ஒரு கோடு. யார் இப்படி எழுதுவாங்க? பைலட். பயிற்சி குடுத்த வாத்தியார். தனியா போன்னு அனுப்பினவர் அவருதான். மனசு உறுத்துது, கட்டறார். கேஸ் முடிஞ்சுது, சாப்பிடப் போலாமா?"

"மணி பதினொண்ணு கூட ஆகல."

"என் வயித்துக்கு 1240 மேடம்."

ஆபீசரம்மா ஒரு சீட்டை அவன் பக்கம் நகர்த்தினார். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தப்பாகிப்போயிருந்தது. தப்பின்மேல் ஒரே ஒரு நேர்கோடு. அடித்த எண் இன்னமும் தெளிவாகத் தெரிந்தது. மேலே சரியான எண், பக்கத்தில் பொடியாக ஒரு சுருக்கொப்பம்.

"நீ தப்பா எழுதினா என்ன பண்ணுவ?"

"பேப்பரே கிழியற மாதிரி கிறுக்குவேன்."

"எல்லாரும் அப்படித்தான். இவருக்குத் தப்ப மறைக்கக் கூடாதுன்னு யாரோ பழக்கியிருக்காங்க. சரி, இது என்ன?"

இன்னொரு சீட்டின் ஓரத்தில் வெளிர்நீலமாக ஒரு விரல் தடம்.

"மை."

"பேனா கறுப்பு."

ஆபீசரம்மா எழுந்து பணம் வாங்கும் கவுண்டருக்குப் போனார். அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ஆளை நினைவிருந்தது. நாலு தடவை வந்திருக்கிறாராம். ஐம்பது வயசிருக்கும். அமைதியான மனுஷர். தலை நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

"ஆனா ஒரு விநோதம் மேடம். வேலை முடிஞ்சதும் உடனே போக மாட்டார். சட்டைப் பைய தொடுவார், பேனா. இன்னொரு பை, கண்ணாடி. அப்புறம் சாவி, பர்ஸ், கைப்பை. ஒவ்வொண்ணா தொட்டு வாய்க்குள்ள எண்ணுவார். எண்ணி முடிச்சு, கவுண்டர் மேல ஏதாவது விட்டுட்டோமான்னு குனிஞ்சு வேற பாப்பார். என்னமோ நான் திருடிக்குவேன்ங்கற மாதிரி. முதல் தடவ கோவமே வந்திச்சு."

"எங்க வீட்டுல சொந்தக்காரங்க வந்துட்டுப் போனா என் பெண்டாட்டி இப்படித்தான் ஸ்பூன் எண்ணுவா," என்றான் பிரேக். சொல்லிவிட்டு அவனே நின்றான். "இல்ல மேடம். இருங்க. நான் இத வேற எங்கயோ பாத்திருக்கேன். ஆப்பரேஷன் தியேட்டர். தைக்கிறதுக்கு முன்னாடி நர்ஸ் கத்தி, கத்திரி, பஞ்செல்லாம் எண்ணுவாங்க. வயித்துக்குள்ள வெச்சு மூடிடக் கூடாதுன்னு."

ஆபீசரம்மா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

"உள்ள வெச்சு மூடிடக் கூடாதுன்னு எண்ணுற தொழில் இன்னொண்ணும் இருக்கு. விமான மெக்கானிக். ஒரு ஸ்பேனர் இன்ஜினுக்குள்ள நின்னுபோனா முடிஞ்சுது. அதனால வேலை முடிச்சதும் சாமான எண்ணியே ஆகணும். அவங்க எழுதற புஸ்தகத்துல தப்பக் கிறுக்கி மறைக்கக் கூடாது. ஒரு கோடு, ஒரு கையெழுத்து. மணியும் இப்படித்தான் போடுவாங்க."

"அந்த நீலம்?"

"சின்ன விமானத்துக்குப் போடற பெட்ரோலுக்கு நீலச் சாயம் கலந்திருப்பாங்க, வேற எதையாவது மாத்தி ஊத்திடக் கூடாதுன்னு. கடன் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பயிற்சிப் பள்ளியப் பாக்கப் போனப்ப என் புடவையில கொட்டிச்சு. பள்ளிக்கு வார விடுமுறை என்னிக்குன்னு விசாரி, பாப்போம்."

பிரேக் போனை எடுத்துப் பேசிவிட்டு வந்தான். அவன் முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்தது.

"செவ்வாய்க்கிழமை. இன்னிக்கும் அதான் மேடம்," என்றான்.

பயிற்சிப் பள்ளியின் விமானத்தளம் ஊரை விட்டு ஒன்றேகால் மணி நேரம். போகிற வழியில் இரண்டு பக்கமும் வயல். எந்த வயலோ என்று பிரேக்குக்குத் தோன்றியது, கேட்கவில்லை. வெளிக் கதவில் உட்கார்ந்திருந்த காவலாளி இவர்களைப் பார்த்ததும் அட்மிஷன் கேட்டு வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"பையனா, பொண்ணா?" என்றார்.

"நானே சேரலாம்னு பாக்கறேன்ணே," என்றான் பிரேக். "ஏன், எனக்கு என்ன கொறச்சல்?"

காவலாளி அவனுடைய தொப்பையைப் பார்த்தார். "ஓடுபாதை பத்தாது," என்றார்.

அந்தச் சிரிப்போடு சிரிப்பாக ஆபீசரம்மா கேட்டார்: "இங்க ஒரு மெக்கானிக் இருப்பாரே. எதையும் எண்ணி எண்ணிப் பாப்பாரு."

"யாரு, எண்ணியா? எல்லாருமே அவர அப்படித்தான் கூப்பிடுவோம். குவார்ட்டர்ஸ்லதான் இருக்கார், தனி ஆள். முன்னெல்லாம் நல்லா பேசுவாருங்க. அந்தப் பொண்ணு விழுந்ததுல இருந்து வாயே தொறக்கறதில்ல. செவ்வாய்க்கிழமை மட்டும் டவுனுக்குப் போவார். பெரும்பாலும் ஒண்ணேகால் பஸ்ல வந்துடுவார்."

கதவுக்கு எதிரே தகரம் வேய்ந்த ஒரு பஸ் நிறுத்தம். இருவரும் அதில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். கம்பி வேலிக்கு அப்பால் நாலைந்து சின்ன விமானங்கள், இறக்கைகளைக் கயிற்றால் தரையோடு கட்டிப்போட்டபடி நின்றன.

"இவ்வளவுதானா?" என்றான் பிரேக். "என் ஆம்புலன்ஸ் இதவிடப் பெருசு மேடம்."

ஒன்றேகாலுக்கு வர வேண்டிய பஸ் ஒன்றரைக்கு வந்தது. ஒரே ஒருவர் இறங்கினார். ஒல்லியான உருவம், சலவை செய்த சாதாரணச் சட்டை. இறங்கியதும் நின்று, பையைத் தொட்டார். கண்ணாடியைத் தொட்டார். சாவி. பர்ஸ். உதடுகள் அசைந்தன.

ஆபீசரம்மா எழுந்தார்.

"இன்னிக்கு எந்தக் கிளையில கட்டினீங்க?"

அவர் ஓடவில்லை. பொய் சொல்லவும் பார்க்கவில்லை. பஸ் கிளப்பிய புழுதி அடங்கும் வரை அப்படியே நின்றார்.

"அவங்க அம்மா அனுப்பிச்சாங்களா?"

"ஆமா."

"கேஸ் போடப் போறாங்களா?"

"கட்டறது யாருன்னு தெரிஞ்சுக்கணும்ங்கறாங்க. அவ்வளவுதான்."

"கேஸ்னா பரவால்ல," என்றார் மெக்கானிக். தகரக் கூரைக்குக் கீழே வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவரைக் கேள்வி கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

"அது மாசக் கடைசி நாள். காலையில விமானத்த சுத்திப் பாத்துட்டிருந்தேன். வயித்துப் பக்கம் நீலமா ஒரு கோடு ஓடியிருந்துச்சு. பெட்ரோல் வடிகால் வால்வுல கசிவு. கோளாறுப் புஸ்தகத்துல எழுதினேன்: வால்வு மாத்தற வரைக்கும் பறக்கக் கூடாது. வால்வு வர பத்து நாளாகும். தலைமை அதிகாரி வந்து பாத்தார். பசைய வெச்சு அடைச்சு அனுப்பு, ரெண்டு மணி நேரம்தானேன்னார். முடியாதுன்னேன். நெஜமாவே முடியாதுன்னுதான் சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அந்தப் பொண்ணு வந்துச்சு."

மெக்கானிக் வேலிக்கு அப்பால் பார்த்தார்.

"சீட்ல உக்காந்தா முன்னாடி தெரியாது அதுக்கு. அவங்கம்மா தெச்சுக் குடுத்த திண்டு ஒண்ணு எப்பவும் கக்கத்துல இருக்கும். அதோடயே வந்து நின்னுச்சு. கையில பேங்க் லெட்டர். மாசக் கடைசிக்குள்ள நூறு மணி நேரத்துக்கு சர்டிபிகேட் போகலேன்னா அடுத்த தவணைய நிறுத்தி வெச்சுடுவாங்களாம். மறுபடி எல்லா பேப்பரையும் புதுசா பாப்பாங்களாம், ஜாமீன் கையெழுத்து உட்பட. 'அங்கிள், இன்னும் ரெண்டு மணி நேரம்தான். அம்மா லீவு போட்டுட்டு இன்னொரு தடவ அந்த மேனேஜர் முன்னாடி போய் நிக்கக் கூடாது அங்கிள்'னு அழுதுச்சு. எனக்குப் பொண்ணு இல்ல. அது அங்கிள்னு கூப்பிட்டா..." அவர் நிறுத்தினார். "ரெண்டு தொட்டியும் ரொப்பினேன். சொட்டு எவ்வளவுன்னு கணக்குப் போட்டேன். அடைச்சாச்சு, அப்படியே கசிஞ்சாலும் மூணு மணி நேரத்துக்கு வரும். அந்தக் கோட்டத் தொடச்சேன். சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டேன். மேல போனதும் ஆட்டத்துல பசை பேந்துபோச்சு போல. எல்லாம் கொட்டிடுச்சு."

"அப்ப அவ பெட்ரோல் அளவு பாக்காம போகல," என்றான் பிரேக். தன் குரலே அவனுக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"பாக்காமயா? ஸ்டூல் போட்டு ஏறி, அளவுக்குச்சி விட்டு ரெண்டு பக்கமும் பாத்துச்சு. இறங்கி வந்து மறுபடி ஏறிப் பாத்துச்சு. நான்தான் ஸ்டூலப் புடிச்சிட்டிருந்தேன்."

விமானம் விழுந்த அன்று சாயங்காலமே தலைமை அதிகாரி கோளாறுப் புஸ்தகத்திலிருந்து அந்தத் தாளைக் கிழித்துப் புதிதாக ஒன்று எழுதிவிட்டாராம். ஆனால் அந்தப் புஸ்தகத்தில் தாளுக்கு அடியில் கார்பன் நகல் ஒன்று விழும். அது அதற்கு முன்பே மெக்கானிக்கின் சட்டைப் பைக்குப் போயிருந்தது. பர்ஸிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்துக் காட்டினார். கசிவு என்று எழுதியதும் இருந்தது. அதற்குக் கீழே, சரி செய்யப்பட்டது, பறக்கலாம் என்று எழுதியதும் இருந்தது. இரண்டுக்கும் ஒரே கையெழுத்து.

"இத ஏன் விசாரணையில குடுக்கல?" என்றார் ஆபீசரம்மா.

"பயம்மா. வேற காரணம் சொன்னா பொய். ஜெயிலுக்குப் பயந்தேன். இத விட்டா எனக்கு வேற தொழில் தெரியாதுன்னு பயந்தேன். அந்தப் பொண்ணு மேல பழி விழுந்தப்ப கூட வாயத் தொறக்கல. அந்த வீட்டையாவது காப்பாத்திக் குடுக்கலாம்னுதான் கட்ட ஆரம்பிச்சேன்."

பிரேக் ஆபீசரம்மாவைப் பார்த்தான். இந்த இடத்தில் அவர் இரண்டு வார்த்தை கடுமையாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தான். ஆனால் அவருடைய முகம் வெளிறிப் போயிருந்தது.

"அந்த பேங்க் லெட்டர்," என்றார் மெதுவாக. "கடைசிப் பத்தி எப்படி ஆரம்பிச்சுதுன்னு ஞாபகம் இருக்கா? 'தவறும் பட்சத்தில்'னா?"

"அப்படித்தான். எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"நான் எழுதினது."

மெக்கானிக் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"தலைமை அலுவலகத்துல இருந்தப்ப மாதிரிக் கடிதம் தயார் பண்ணச் சொன்னாங்க. அப்பெல்லாம் சில பள்ளிக்கூடங்க பசங்கள பறக்கவே விடாம மொத்தப் பணத்தையும் வாங்கிட்டு இழுத்து மூடிட்டுப் போயிட்டிருந்தாங்க. அத தடுக்கணும்னுதான் மணிக்கணக்கு, சர்டிபிகேட், மாசக் கடைசின்னு கெடு வெச்சு அந்தப் பத்திய எழுதினேன். பசங்களக் காப்பாத்தறேன்னு நெனச்சேன். பாராட்டுக் கடிதம் கூடக் குடுத்தாங்க." ஆபீசரம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

ஆம்புலன்ஸில் எத்தனையோ தடவை, பின்னால் எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் பிரேக் பேசிக்கொண்டே ஓட்டியிருக்கிறான். இன்றைக்கு நாக்கு எழும்பவில்லை. எழுந்துபோய்க் காரைக் கொண்டுவந்து இருவருக்கும் எதிரே நிறுத்தினான். பின்கதவைத் திறந்துவிட்டு, "வாங்க சார்," என்றான். "அவங்ககிட்ட நீங்கதான் சொல்லணும்."

மெக்கானிக் ஏறிக்கொண்டார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. தாய் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். கதிர்வீச்சு அளக்கும் பேட்ஜ் சட்டையில் குத்தியபடியே இருந்தது. மூன்று பேரையும் உட்காரச் சொன்னாள். மெக்கானிக் உட்காரவில்லை. நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை சொன்னார், பஸ் நிறுத்தத்தில் சொன்னதில் ஒரு வார்த்தை கூடக் கூட்டாமல், குறைக்காமல். தொடர்ந்து ஆபீசரம்மா தன் பங்கைச் சொன்னார்.

தாய் கார்பன் நகலை வாங்கி, எக்ஸ்ரே படத்தைப் பிடிப்பதைப் போலவே ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து வாசித்தாள்.

"குச்சி விட்டுப் பாத்தாளா?" என்றாள்.

"பாத்துச்சும்மா."

"ரெண்டு தடவ?"

"ரெண்டு தடவம்மா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். தாளை மேசையில் வைத்து, காற்றில் பறக்காமல் மேலே தன் மூக்குக்கண்ணாடி டப்பாவை வைத்தாள்.

"இத விசாரணை ஆபீஸ்ல குடுத்தா உங்களுக்கு என்ன ஆகும்?"

"லைசென்ஸ் போயிடும். உள்ள போக வேண்டி வரும். எங்க தலைமை அதிகாரியும்தான்."

"நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் குடுக்கறோம். நானும் வரேன்." அவள் குரலில் கோபம் இல்லை. ஆஸ்பத்திரியில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற குரல்தான். "இனிமே தவணை கட்டாதீங்க. அது என் பொண்ணு வாங்கின கடன். நான் கட்டிக்கறேன்."

"அம்மா..."

"கட்டாதீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவள் ஆபீசரம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பத்திய மாத்தறதுக்கு இன்னும் உங்களால முடியுமா?"

"அங்க இப்ப என் பேச்சு எவ்வளவு எடுபடும்னு தெரியல. ஆனா எழுதினவளே தப்புன்னு எழுதிக் குடுத்தா கேட்டுத்தானே ஆகணும். இன்னிக்கே எழுதறேன்."

"எழுதுங்க. மாசக் கடைசின்னு எந்தப் புள்ளையும் ஓடக் கூடாது."

ஆபீசரம்மா எழுந்தார். பிரேக்கும் எழுந்தான். மெக்கானிக் வாசலை நோக்கித் திரும்பியபோது அவள் மறுபடி பேசினாள். இதுவரை பேசிய குரல் இல்லை அது.

"அன்னிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அவ சாப்பிட்டாளா?"

மெக்கானிக் திரும்பாமலே நின்றார்.

"இல்லம்மா. டப்பாவ என்கிட்ட குடுத்துட்டுப் போச்சு. 'வந்து சேந்து சாப்பிடலாம் அங்கிள், பசிக்குதுன்னு முன்னாடியே தொறந்துடாதீங்க'ன்னு சொல்லிட்டு ஏறுச்சு."

"அந்த டப்பா?"

"என் அலமாரியில இருக்கு. கழுவித் தொடச்சு வெச்சிருக்கேன். எப்படிக் கொண்டாந்து குடுக்கறதுன்னு தெரியலம்மா எனக்கு."

ஒரு வருடம் நாலு மாதமாக எங்கே இருந்ததோ அந்த அழுகை. சுவரைப் பிடித்துக்கொண்டு, அப்படியே சரிந்து, தரையில் உட்கார்ந்து அழுதாள். ஆபீசரம்மா பக்கத்தில் உட்கார்ந்தார், தொடவில்லை. மெக்கானிக் வாசலில் நின்றபடி முகத்தை மூடிக்கொண்டார். பிரேக் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். அவனுக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

வெளிச்சம் ஜன்னலை விட்டு இறங்குகிற வரை அப்படியே இருந்தார்கள். பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு அது வேணும்," என்றாள். "இப்பவே வேணும். என்னக் கூட்டிட்டுப் போங்க."

நால்வரும் கிளம்பினார்கள். படிக்கட்டு குறுகல். இரண்டாவது திருப்பத்தில் அவளுக்குக் கால் தடுக்கியது. முன்னால் போய்க்கொண்டிருந்த மெக்கானிக் சட்டென்று கையை நீட்டினார். நீட்டியவர் பாதியிலேயே இழுத்துக்கொண்டார். அவள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தானே அதைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினாள்.